மங்களம் பாடாத படம்

கடலூருக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு தனத்தைச் சூனியக்காரி என்று முதலில் சொன்னது அவளுடைய தோழி ஞானாம்பாள்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஊர் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கும். ஞானாம்பாள் தன் ஒரே மகள் மாலதியைக் கடலுக்குக் கொடுத்தவள். பிள்ளையின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவள் சொன்னதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்?

நடந்தது இவ்வளவுதான். மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் சிதம்பரத்தில் தேர். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வீட்டுக்குத் தனம் தன் மகள் சினேகாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அக்கா மகள் பிள்ளை பெற்றிருந்ததால், திருவிழா முடிந்ததும் அடித்துக் குழம்பு வைக்கலாம் என்று ஒரு நாட்டுக்கோழியையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டாள். புருஷன் பாண்டியன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், தாயும் மகளும் தரிசனத்துக்காகக் கீழவீதிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடல் ஊருக்குள் வந்தது. பாண்டியனின் படகுக்கு அடியில் அலை கடந்து போனது அவனுக்கே தெரியாது. கரையோர வரிசையில் சாவு விழாத வீடு தனத்தின் வீடு மட்டும்தான். வீடு என்று சொல்ல அங்கே அஸ்திவாரம்தான் மிச்சமிருந்தது, ஆனால் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள்.

“கோழியக்கூட வுட்டு வெக்காம தூக்கிக்கினு போயிருக்கா பாரு. தெரியாமயா போனா?” என்றாள் ஞானாம்பாள்.

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. தார் அட்டை போட்ட தற்காலிகக் குடியிருப்பில், சுவருக்குச் சுவர் ஒட்டிய வரிசையில், பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? தனம் குழாயடிக்குப் போனால் மற்ற குடங்கள் தள்ளி நின்றன. பாண்டியனைப் படகில் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லை. சினேகா பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து சோறு தின்றாள். ஆடி பிறந்ததும் ஊர் நாட்டாமை அய்யனார் ஆள் விட்டுச் சொன்னார்: மாதம் முடிந்ததும் ஊர்க்கூட்டம், தனத்தின் குடும்பம் இந்த ஊரில் இருக்கலாமா கூடாதா என்று அன்றைக்கு முடிவு. கூடாது என்றால் சர்க்கார் கட்டித் தரப்போகும் புது வீடும் கிடையாது, கடலும் கிடையாது. சிதம்பரத்தில் அக்கா ஒரே அறையில் குடித்தனம் நடத்துகிறாள். போனால் ஒதுங்க இடம் கொடுப்பாள்தான். ஆனால் சிதம்பரத்தில் பாண்டியன் எதைப் பிடிப்பான், தெப்பக்குளத்து மீனையா?

தனத்துக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. எல்லாவற்றையும்விட, ஞானாம்பாள் முகத்தைப் பார்க்கும்போது எதுவும் பேச முடியாமல் போனதுதான் அவளை அரித்தது.

இந்தச் சமயத்தில்தான் சபாபதி சார் வந்து சேர்ந்தார். சிதம்பரத்து ஆசிரியர், அறிவியல் இயக்கத்துக்காரர், தங்கமான மனுஷர். சுனாமி ஏன் வந்தது என்று படம் போட்ட அட்டைகளோடு வாராவாரம் வருவார். பூமிக்கு அடியில் பெரிய பெரிய தட்டுகள் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றின் அடியில் நழுவிவிட்டது என்று இரண்டு பிஸ்கட்டை வைத்துக் காட்டுவார். “எங்க வூட்டுத் தட்டே கடலோட போச்சு சார்,” என்று பெண்கள் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். பிஸ்கட்டைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்.

தனத்தின் கதையைக் கேட்டதும் மனுஷர் கொதித்துப் போனார். “இந்தக் காலத்துலயும் இப்படியா? அடுத்த வாரம் ஒரு படம் போடறேன்மா. பழைய கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளைக்காரன் எடுத்தது. உங்க கதையேதான் அதுல இருக்கு. அதப் பாத்தாங்கன்னா இந்த ஊர் மாறும்,” என்றார்.

“படம் பாத்து மாறுமா சார்?” என்று தனம் கேட்டாள்.

“மாறும்மா. நான் மைக்குல தமிழ்ல சொல்லிக்கிட்டே வருவேன்.”

சொன்னபடி புரொஜெக்டரோடு வந்தார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வேட்டியைக் கட்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் படத்தைப் போட்டார். ஊர் மொத்தமும் பாயும் தார்ப்பாயும் விரித்து உட்கார்ந்திருந்தது. தனம் மகளோடு ஓரமாக, தன் குடிசை வாசலிலேயே உட்கார்ந்தாள். ஞானாம்பாள் முன்வரிசையில் இருந்தாள்.

படத்தில் ஒரு பனி ஊர். மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுகின்றன. ஊருக்கு வெளியே, காற்றாடி ஆலைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு விதவைதான் பேயை ஏவிவிடுகிறாள் என்று ஊர் சொல்கிறது. பட்டணத்திலிருந்து ஒரு டாக்டர் வருகிறார். எதையும் நம்பாதவர். வைக்கோலைக் கிள்ளிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். சபாபதி சார் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் பேசும்போது தானே டாக்டரானது மாதிரிக் குரலை உயர்த்தினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு இடத்தில், அந்த விதவை கதவைத் தாழ் போடும்போது, ஆலையின் ஜன்னலில் கொம்பு வைத்த ஒரு நிழல் எழுந்து நின்று இவர்கள் பக்கமே பார்த்தது. கண் இமைக்கிற நேரம்தான். ஊர் மூச்சை இழுத்துக்கொண்டது.

“அது சும்மா விளக்கு வெச்சுப் பண்ற ஏமாத்து வேலைங்க. பயப்படாதீங்க,” என்றார் சார்.

வைக்கோலில் பூஞ்சை பிடித்திருந்ததால்தான் மாடுகள் செத்தன என்று டாக்டர் ஊரைக் கூட்டி நிரூபித்தார். ஊர் தலைகுனிந்தது. அந்த இடத்தில் சபாபதி சார் படத்தை நிறுத்தினார். பல்பு எரிந்தது. “பாத்தீங்களா? சூனியமும் இல்ல, பேயும் இல்ல. ஒரு அப்பாவிப் பொம்பளையை இந்த ஊர் என்ன பாடு படுத்திடுச்சு!” என்று தொடங்கினார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கைதட்டவும் இல்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அய்யனார் தொண்டையைச் செருமினார். “சார், அந்தக் கொம்பு வெச்சவன் வந்தானே. அவன் எங்க போனான்?”

“அப்படி ஒருத்தன் இல்லவே இல்லங்க. அதத்தான் படம் சொல்லுது.”

“இல்லாதவன் எப்பிடி வருவான்? நாங்க அத்தினி பேரும் பாத்தமே.”

அந்தப் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. அசுர வேஷம் ஒன்று திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு வந்துவிட்டால், அதை வதம் செய்து, மங்களம் பாடி, கற்பூரம் காட்டி அனுப்பிவைக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. மழை வந்தாலும் நனைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். பாதியில் விட்டால் வந்தது அந்த மண்ணிலேயே தங்கிவிடும் என்பது நம்பிக்கை. சபாபதி சார் அதே ஜில்லாவில் பிறந்தவர்தான். ஆனால் கூத்து நடக்கிற தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவருக்கு இது தெரியவில்லை. தனத்துக்குத் தெரியும். “சார், மீதியையும் போட்டுடுங்க,” என்று கிட்டே போய்ச் சொன்னாள்.

சார் சிரித்தார். “இதுக்கு மேல எதுவும் இல்லம்மா,” என்று சொல்லி வயரைச் சுற்ற ஆரம்பித்தார். அந்தச் சிரிப்புத்தான் தப்பாகப் போயிற்று. ஊர் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தது.

மறுநாள் வடக்கு வரிசையில் ஒரு குழந்தைக்கு ஜுரம் கண்டு வலிப்பு வந்தது. அதற்கடுத்த நாள் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலை போயிற்று. இரண்டும் வேறு எந்த மாதத்திலும் நடக்கக்கூடியவைதான். ஆனால் இப்போது யாரும் அப்படி நினைக்கத் தயாராக இல்லை. அன்றைக்கு வந்தது போகவில்லை, இங்கேதான் சுற்றுகிறது என்றார்கள். அது யார் வீட்டு ஜன்னலில் நின்றது என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பொம்பளை தனம் மாதிரியே இல்லை? என்று இன்னொருத்தி கேட்டாள். அதுவரை தனத்தின் மேல் இருந்தது வெறும் பேச்சு. காப்பாற்ற வந்த படம் அந்தப் பேச்சுக்குக் கொம்பு முளைக்க வைத்துவிட்டது.

படத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும்படி அய்யனார் சிதம்பரத்துக்கு ஆள் அனுப்பினார். சபாபதி சார் நேராகத் தனத்தின் குடிசைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“போட முடியாதும்மா. கடைசிப் பத்து நிமிஷத்துல படத்தைக் கெடுத்து வெச்சிருக்கான். வசூலுக்காக அந்தப் பேயை நெஜமாவே கொண்டாந்து காட்டிட்டான். அது வந்து அந்தப் பொம்பளையை எடுத்துக்கிட்டுப் போயிடுது. ஊர் நிம்மதியாயிடுது. அதனாலதான் நிறுத்தினேன்.”

தனம் முறத்தைக் கீழே வைத்தாள். இந்த மனுஷரைத் திட்டுவதா, அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அத முன்னாடியே சொல்லியிருந்தா, இந்தப் படமே வாணான்னு சொல்லியிருப்பன் சார்,” என்றாள்.

“தப்புதான்மா.”

பாண்டியன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நாம போயிடலாம் தனம். ஊரு கூடிச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்,” என்றான்.

“போனா செஞ்சவ நாந்தான்னு ஆயிடும்,” என்றாள் தனம். பிறகு சாரைப் பார்த்து, “போடுங்க. எப்பிடி முடிஞ்சாலும் சரி, முடியட்டும். முடிஞ்சாதான் எழுந்திருப்பாங்க,” என்றாள்.

மறுபடி வேட்டி கட்டப்பட்டது. இந்தத் தடவை சபாபதி சாரால் மைக்கைப் பிடித்தும் பேச முடியவில்லை. பேசவும் தேவைப்படவில்லை. ஆலைக் கதவு திறந்தது. விதவை பனியில் இறங்கி நடந்தாள். நிழல் குனிந்து, ஒரு துணியை எடுப்பது போல அவளைத் தூக்கிக்கொண்டது. ஆலை பற்றி எரிந்தது. கோவில் மணி அடித்து, ஊர் ஜனம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது. எழுத்து ஓடி, வேட்டி வெறும் வெள்ளையானது.

அத்தனை முகங்களும் தனத்தின் பக்கம் திரும்பின. “அவ போனாதான் அது போவும்,” என்று இருட்டில் யாரோ சொன்னார்கள். குரல் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. சினேகா அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்தாள்.

தனம் மகளின் விரல்களைப் பிரித்துவிட்டு எழுந்தாள். கூத்து முடிக்கிறபடி முடித்துவிட்டால் இவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதற்கு மேல் அவள் எதுவும் யோசித்திருக்கவில்லை. கொண்டுவந்திருந்த தேங்காயை வேட்டிக்கு முன்னால் உடைத்தாள். தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய மங்களத்தை, சுதி சேராத குரலில் பாடினாள். பிறகு அந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, “போதும். வந்த வழியே போயிடு,” என்றாள். அந்த நேரத்தில் அவள் மனதில் இருந்தது கொம்பு வைத்த நிழல் அல்ல, கடல். அதைச் சொல்லும்போது அழுகையும் வந்தது. கற்பூரம் எரிந்து அணைந்தது.

அய்யனார் முதலில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஊர் எழுந்தது.

விடிந்தபோது எல்லாம் மாறியிருந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வடக்கு வரிசைக் குழந்தை தேறி வீட்டுக்கு வந்தது. ஊசி போட்ட டாக்டரை யாரும் நினைக்கவில்லை. தனம் அனுப்பிவைத்தாள், அது போய்விட்டது என்றார்கள். “அவ சொன்னா கேக்குதுடி,” என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். குடங்கள் இப்போதும் தள்ளித்தான் நின்றன. முன்பு அருவருத்து விலகியவை, இப்போது அவளுக்கு முதல் தண்ணீர் விட்டு ஒதுங்கின. பாண்டியனைப் படகுக்கு வந்து கூப்பிட்டார்கள். சினேகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் மாங்காய்ப் பத்தை கிடைத்தது. பிள்ளைக்குத் திருநீறு போடச் சொல்லிப் பெண்கள் வாசலில் நின்றார்கள். ஊர்க்கூட்டம் வேண்டாம் என்று அய்யனார் சொல்லிவிட்டார். “ஊருக்கு இப்பிடி ஒருத்தி இருக்கறது நல்லதுதான்,” என்றாராம்.

சபாபதி சார் தலையில் அடித்துக்கொண்டார். “என்னம்மா இது? நீங்க சூனியக்காரி இல்லன்னு சொல்லத்தானே நான் இத்தனை பாடுபட்டேன்? இப்ப நீங்களே ஆமாம்னு உட்காந்திருக்கீங்களே!”

“நான் ஆமான்னு சொல்லல சார். இல்லன்னும் சொல்லல. நீங்க சொன்னத அவுங்க நம்பல, இத நம்பறாங்க. எம் புள்ள நாலு பேரோட ஒக்காந்து சோறு துன்னுது. அது போதும் எனக்கு.”

சும்மா சொல்லக் கூடாது, தனத்துக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இத்தனை மாதம் காறித் துப்பாத குறையாகப் பார்த்த முகங்கள் எதிரே கைகட்டி நிற்கும்போது யாருக்குத்தான் பிடிக்காது? ராத்திரி படுக்கும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தும். விடிந்தால் அதுவும் போய்விடும்.

ஆடிக் கடைசியில் ஒருநாள் உச்சிப்பொழுதில் ஞானாம்பாள் வந்தாள். அவள் வருவாள் என்று தனம் நினைக்கவே இல்லை. குழாயடியிலிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஞானாம்பாள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். தலை சீவி, பொட்டு வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“நீ போவச் சொன்னா அது போவுது,” என்றாள். “அப்ப நீ வரச் சொன்னா வரும். மாலதியக் கூப்புடு. ஒரே ஒரு தடவ. நான் வேற எதுவும் கேக்கல. ஒன்ன அப்பிடிச் சொன்னதுக்கு ஒங் கால்ல வுழறேன்.”

நிஜமாகவே குனிந்தாள். தனம் பதறி அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலதி நல்லா இருக்கா, பசிக்கலையாம், அம்மாவ அழக் கூடாதுன்னு சொல்றா. இவ்வளவுதான். ஞானாம்பாள் சிரித்த முகத்தோடு போவாள். அடுத்த வாரமும் வருவாள். ஊர் தனத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடும். சொல்லாவிட்டால், இதே ஞானாம்பாள் வாசலில் நின்று ஒரு கூச்சல் போட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தத் தடவை கூட்டம்கூடத் தேவைப்படாது.

நாக்கின் நுனி வரை வந்தது. ஊருக்கே சொல்லலாம், ஆனால் இந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுடி ஞானம்,” என்றாள் தனம். “போவச் சொன்னதும் சும்மாதான். எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போவட்டும்னு சொன்னன்.”

“பொய்யி. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் அன்னிக்கிப் போனே.”

“தெரிஞ்சிருந்தா மாலதிய வுட்டுட்டுப் போயிருப்பனா? நானும் சினேகாவும் கெளம்பறப்ப அவ எங்கூட வரன்னு நின்னா. சளி புடிச்சிருக்கு, வாணான்னு நீ சொன்னே. சரின்னு வுட்டுட்டுப் போனன். தெரிஞ்சிருந்தா ஒன் கையிலேந்து புடுங்கிக்கினு போயிருக்க மாட்டனா? ஒன்னையும் தலமுடியப் புடிச்சி இழுத்துக்கினு போயிருப்பன்டி.”

ஞானாம்பாள் அவளையே பார்த்தாள். “அப்ப யாரு அனுப்புனா அத?”

“யாரும் அனுப்பல.”

“சும்மாவா வந்துச்சு?”

“சும்மாதான் வந்துச்சு.”

“எம் பொண்ணு?”

தனம் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “செத்துப்போச்சுடி. இனிமே வராது,” என்றாள்.

ஞானாம்பாள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. அத்தனை மாதமும் ஊர் அவள் அழுது கேட்டதில்லை, ஏசித்தான் கேட்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வரிசை மொத்தமும் ஓடிவந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு அய்யனார் உள்ளே வந்தார். தரையில் புரண்ட ஞானாம்பாளையும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்த தனத்தையும் பார்த்தார். முகம் இறுகியது.

“இன்னா பண்ணா இவ ஒன்ன? சொல்லு ஞானாம்பா. இன்னிக்கே ஊர வுட்டு அனுப்பிடறன்.”

எழுந்து மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று தனம் நினைத்துக் கையை விலக்கப் பார்த்தாள். ஞானாம்பாள் விடவில்லை. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“ஒண்ணும் பண்ணல மாமா,” என்றாள் ஞானாம்பாள், விக்கலுக்கு நடுவே. “எம் பொண்ணு செத்துப்போச்சுன்னு சொன்னா. நீங்க யாரும் எங்கிட்ட அதச் சொல்லவே இல்ல.”

அய்யனார் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, அங்கேயே, அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.